ஜாமீனுக்குப் பத்திரம் இல்லாதவர்கள்

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் அரசின் பணம் கண்ணுக்குத் தெரியும். கடற்கரையில் அணுமின் நிலையம், அதன் பக்கத்தில் அதிவேக ஈனுலை, உள்ளே தள்ளி அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென்றே எழுந்த அணுபுரம் குடியிருப்பு. நேரான தெருக்கள், நிழல் தரும் மரங்கள், காலையில் சீருடைப் பிள்ளைகள், வேலைக்குக் கிளம்பும் துறைப் பேருந்துகள். 2003ஆம் ஆண்டு அந்த ஈனுலைக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது மதிப்பிட்ட செலவு 3,492 கோடி ரூபாய். பிறகு அது ஏறிக்கொண்டே போனது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், செய்தித்தாள்கள் கணக்குப் பார்த்தன. பெரிய பணம் என்றால் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் அங்கிருந்து செங்கல்பட்டுக்கும், பிறகு புழலுக்கும் கிளம்பியது வேறொரு செலவைப் பார்க்க. 2022-23ஆம் ஆண்டில் இந்தியச் சிறைகளுக்கு ஒதுக்கிய தொகை 8,700 கோடி ரூபாய்க்கு மேல். ஈனுலைக்கு முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதுவும் ஒரே ஆண்டுக்கு, ஆண்டுதோறும். இந்தப் பணத்தைக் கொண்டு நாம் யாரை உள்ளே வைத்திருக்கிறோம் என்று யாரும் உரக்கக் கேட்பதில்லை.

2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தண்டனையைச் சீர்திருத்துவது பற்றிப் பேசினால் உடனே தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனை என்று பேச்சு போய்விடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் அனுபவிக்கிற தண்டனை தீர்ப்புக்கு முந்தியது. அது எந்தத் தண்டனைச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.

திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தத்தில் ஒரு அம்மா பேருந்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. சவுக்குத் தோப்பில் வெட்டு வேலைக்குப் போகிறவராம். மடியில் ஒரு துணிக்கடைப் பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நடத்துனர் சில்லறை கேட்டபோதுதான் பையைத் திறந்தார்: ரேஷன் கார்டு, ஆதார், அவற்றின் ஜெராக்ஸ், யாரோ ஒருவர் பெயரில் வீட்டுவரி ரசீது. ஜெராக்ஸில் புகைப்படம் இருக்க வேண்டிய இடம் கறுப்புக் கட்டமாக விழுந்திருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கோர்ட்டுக்குத்தான் தம்பி. பையன் உள்ள இருக்கான்."

"என்ன கேஸும்மா?"

"செல்போன் கேஸு. அவன் எடுத்தானோ, கூட இருந்தவன் எடுத்தானோ. பெயில் ஆயிடுச்சு தம்பி. வெளிய கூட்டியார ஆளுதான் இல்ல."

இரண்டு பேர் ஷூரிட்டி நிற்க வேண்டும். இருவரிடமும் சொத்து இருப்பதற்குச் சான்று வேண்டும். அவர்கள் இருப்பது புறம்போக்கில். பட்டா கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதே கதை. தோப்பு முதலாளியைக் கேட்டாராம். "கோர்ட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டார்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். வரி ரசீதைக் கொடுத்தவர் தெரிந்த மேஸ்திரி. அவர் நேரில் வந்து நிற்பாரா என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. அன்றைக்கு வேலைக்குப் போகாததால் கூலியும் போயிற்று.

நீதிபதி ஜாமீன் தந்துவிட்டார். அரசுத் தரப்புக்கும் அதில் மறுப்பில்லை. பையன் வெளியே இருக்கலாம் என்று சட்டம் முடிவு செய்துவிட்டது. ஆனாலும் உள்ளே இருக்கிறான், அவனுடைய சாதிசனத்தில் யாரிடமும் பத்திரம் இல்லை என்கிற ஒரே காரணத்தால்.

இதை முதலில் உரக்கச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர் நம்முடைய பழைய சென்னை மாகாணத்துக்காரர். வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சிறையில் அடைக்கப்பட்டு ஒரு மாதம் உள்ளே இருந்தவர். 1952ல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். 1957ல் கேரளத்தில் அமைச்சரானபோது சிறைத்துறையும் அவர் கையில் இருந்தது. சிறையின் உள்பக்கம் தெரிந்த அமைச்சர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. 1978ல் மோதிராம் வழக்கு அவர் முன்னால் வந்தது. மோதிராம் மத்தியப் பிரதேசத்து கொத்தனார். ஜாமீன் தரச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய தம்பி முன்வந்தபோது, அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்தது. கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். வடக்கே எங்கோ ஓர் ஊரில் ஒரு தமிழரோ மலையாளியோ மாட்டிக்கொண்டால் அங்கே அவருக்குச் சொத்துள்ள ஜாமீன்தாரர் எப்படிக் கிடைப்பார் என்று அந்தத் தீர்ப்பில் அவர் கேட்டார். இன்றைக்கு அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலும் பழைய மாமல்லபுரம் சாலைக் கட்டடங்களிலும் வேலை செய்கிற ஒடிசாக்காரர், பீகார்க்காரர் பிடிபட்டால் செங்கல்பட்டில் அவருக்கு ஷூரிட்டி நிற்பது யார்?

பேருந்தில் உட்கார்ந்தபடியே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 8,700 கோடியை ஐந்தேமுக்கால் லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரு நாளைக்கு 400 ரூபாய்க்கு மேல். பத்தாயிரம் ரூபாய் பிணைக்கு ஆள் இல்லாமல் ஒருவர் உள்ளே கிடந்தால், ஒரு மாதம் முடிவதற்குள் அரசு அவருக்காக அதே பத்தாயிரத்தைச் செலவழித்துவிடுகிறது. அவர் ஓடிப் போய்விடாமல் இருக்க உத்தரவாதமாகக் கேட்ட தொகை அது. அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று நாம் வரியிலிருந்து கட்டிக்கொண்டே போகிறோம். அந்தக் குடும்பம் இழக்கிற கூலி தனி.

திருக்கழுக்குன்றத்தில் மலையும் கோபுரமும் தெரிந்தன. கழுகுகள் வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து செங்கல்பட்டு வரை வயல், ஏரி, மனைப் பிரிவு விளம்பரப் பலகைகள். பட்டா இல்லாதவர்களைச் சுற்றி எத்தனை பட்டா விற்பனை.

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த காலத்திலேயே மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. வெளியே தட்டச்சுக்காரர்கள், முத்திரைத்தாள், நோட்டரி, டீக்கடை. மரத்தடியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே யார் சிவில் வழக்குக்கு வந்தவர்கள், யார் கிரிமினல் வழக்குக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். சிவில் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். கிரிமினல் வழக்குக் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ளும். எந்த கவுண்டரில் மனு, எந்த குமாஸ்தா நல்லவர், வாய்தா எப்போது என்று.

ஒரு மூத்த வக்கீலிடம் அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "சார், பெயில் வாங்குறது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு ஃபீஸ் கேக்கறதுக்கே எனக்கு மனசு வராது. காசு வாங்கிட்டு ஷூரிட்டி போடறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஏழைங்க கடன் வாங்கி அவங்களுக்குக் கொடுப்பாங்க. அது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். வேற வழி சொல்லுங்க?"

வழி இருக்கிறது. 2022 நவம்பர் 26 அன்று, அரசியல் சாசன நாள் விழாவில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு எழுதி வைத்த உரையை முடித்துவிட்டு, சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். நாடு முன்னேறுகிறது என்றால் சிறைகளைக் கூட்ட வேண்டிய தேவை என்ன என்று கேட்டார். எதிரே உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சில நாளிலேயே, ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் விவரத்தை மாநிலங்களிடம் உச்ச நீதிமன்றம் கேட்டது. 2023 ஜனவரி 31ல் விதிமுறை வகுத்தது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஏழைக் கைதிகளுக்கு உதவித் திட்டம் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை, ஆண்டுக்கு 20 கோடி ஒதுக்கீடு. அந்தப் பணத்தைக்கூட மாநிலங்கள் மிகக் குறைவாகவே எடுத்திருக்கின்றன. எண்ணாயிரத்துச் சொச்சம் கோடிக்குச் சிறை நடத்துகிற அமைப்புக்கு, அதைக் காலி செய்யத் தந்த 20 கோடியைச் செலவழிக்கத் தெரியவில்லை.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479ஆம் பிரிவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல்முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. கைதி மனுப் போடக் காத்திருக்காமல் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். பழைய வழக்குகளில் உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல பிரிவு. ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

இந்த மாவட்டத்தில் அந்த உட்பிரிவு யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளை இருளர் பழங்குடியினர் மேல் ஏற்றிவிடுகிற பழக்கம் வட தமிழ்நாட்டில் பல பத்தாண்டு காலக் குற்றச்சாட்டு. ஒருவரைப் பிடித்தால் அவர் பெயரில் நான்கு வழக்கு. நான்கு வழக்கு வந்த பிறகு அவர் 'பழைய கேடி'. 1871ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே நாடு முழுக்கத் துடைத்துவிட்டோம். அதன் எண்ணம் மட்டும் 'வழக்கமான குற்றவாளி' என்ற பெயரில் சட்டத்திலும் சிறைக் கையேடுகளிலும் தங்கிவிட்டது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அடைப்பதும் கூடாது என்று 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மனுவில் காட்டிய உதாரணங்களில் நம் பாளையங்கோட்டையும் இருந்தது. படித்தபோது வெட்கமாக இருந்தது.

இதே கடற்கரையில் இன்னொன்றும் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையில், 1978 முதல் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்தபோது பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். அவர்களைச் சட்டத்தை மீறியவர்களாக அடைத்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் உரிமம் கொடுத்து, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிற வேலை கொடுத்தார்கள். அந்த விஷம் நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. மண் பானைகளின் வாயைத் துணியால் கட்டி, வாங்கிய தேதியை எழுதி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒருவர் கட்டை அவிழ்த்துப் பாம்பை எடுத்து, கண்ணாடிக் குவளை மூடியில் கடிக்க வைக்கிற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு சமூகத்தை அரசு நம்பி வேலை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டில் பார்த்தே ஆக வேண்டிய இன்னொரு இடம் சிறுவர்களுக்கானது. 1887லிருந்தே இந்த ஊரில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி உண்டு. சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் போடக்கூடாது என்று யோசித்த மாகாணம் இது. 1920ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த சிறுவர் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. அந்தப் பெருமையோடு சேர்த்து 2022 டிசம்பர் 31ஐயும் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன், இந்த ஊர் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சில நாளில் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. காவல் சித்திரவதைக்கு எதிராக வக்கீலாகவே போராடியவர் அவர். 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களுக்குத் தனித் துறையே வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை.

சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தபோது உள்ளேயிருந்து பிள்ளைகளின் குரல் கேட்டது. நான் யோசித்தது அந்த அடிகளுக்கு முந்தைய முடிவைப் பற்றி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பிடிபட்ட சிறுவனை ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுவிப்பதையே பொது விதியாகச் சொல்கிறது. அடைப்பது விதிவிலக்கு. ஒரு பேட்டரிக்கு அந்த விதிவிலக்கு எதற்கு? வீட்டுக்கு அனுப்பி, வாரம் ஒருமுறை நன்னடத்தை அலுவலர் போய்ப் பார்த்திருந்தால் அவன் இன்று இருந்திருப்பான். அதற்கு ஆகியிருக்கும் செலவு ஒரு பேருந்துக் கட்டணம்.

நன்னடத்தை அலுவலர் என்றதும் பலருக்கு யார் அவர் என்று தோன்றும். 1936லேயே சென்னை மாகாணம் நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. அதற்கு இருபதாண்டுக்கும் மேல் கழித்து, 1958ல்தான் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. சிறு குற்றம் செய்தவரை எச்சரித்து அனுப்பலாம். நன்னடத்தை உறுதி வாங்கி, அலுவலரின் மேற்பார்வையில் வீட்டில் இருக்க விடலாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, காரணத்தையும் நீதிபதி எழுத்தில் பதிய வேண்டும். இவ்வளவு கருணையான சட்டம் கையில் இருந்தும், 'சிறைக்கு அனுப்பினால்தான் தண்டனை' என்ற நினைப்பு மாறவில்லை. போலீஸும் அப்படி நினைக்கிறது, பறிகொடுத்தவரும் அப்படி நினைக்கிறார், பல சமயம் நீதிபதியும் அப்படியே நினைக்கிறார்.

புதிய தண்டனைச் சட்டம் சமூக சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் கீழான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்தவருக்கும் விதிக்கலாம். இன்னும் நான்கு சிறு குற்றங்கள், அவ்வளவுதான். மிகக் குறுகிய கதவு, ஆனாலும் கதவு. எங்கே வேலை, யார் மேற்பார்வை, வராவிட்டால் என்ன என்பதையெல்லாம் மாநிலம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கொளவாய் ஏரிக்கரையில் நடந்தபோது, இங்கேயே நூறு பேருக்கு வேலை இருக்கிறதே என்று நினைத்தேன். மேற்பார்வைக்கு ஆள் போடாமல் இந்தத் தண்டனையை விதிக்கச் சொன்னால் எந்த நீதிபதியும் பழையபடி சிறையையே எழுதுவார்.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில் ஏறினேன். சிறைச் செலவைக் குறைப்பது என்றாலே குற்றவாளிகளுக்குச் செல்லம் கொடுப்பது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சொல்வேன். கருணைக்குப் பெயர் போன மாநிலமல்ல அது, மரண தண்டனையை அதிகம் நிறைவேற்றியிருக்கிற மாநிலம். 2007ல் அங்கே இன்னும் சில ஆண்டுகளில் 17,000 பேருக்கு மேல் புதிதாக இடம் வேண்டும், அதற்கு 200 கோடி டாலர் அளவுக்குச் செலவாகும் என்று கணக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மையரும் சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். 24 கோடி டாலரை போதை சிகிச்சைக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் ஒதுக்கினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2011ல் ஷுகர் லேண்ட் ஊரில் நூறாண்டுப் பழமை கொண்ட சிறையை மூடினார்கள். அந்த இரு கட்சிக்காரர்களின் முதல் கேள்வி 'இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது' என்பதாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வி மட்டுமே அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

பூங்கா ரயில் நிலையத்தில் இறங்கினால் பழைய மத்திய சிறை இருந்த இடம் பக்கம். 1837ல் கட்டியது. அண்ணா, கருணாநிதி முதல் எத்தனையோ அரசியல் கைதிகளைப் பார்த்த சுவர்கள். 2006ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009ல் இடித்தார்கள். இடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. சிறை இருந்த மண்ணில் மருத்துவ மாணவர்கள் நடக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவாக இருந்தது. புழலில் எழுந்தது அதைவிடப் பல மடங்கு பெரிய வளாகம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒன்று. மனு பார்க்க வந்தவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள். பழம், பிஸ்கட், துவைத்து மடித்த சட்டை. ஒரு சின்னப் பெண் இடுப்புக் குழந்தையின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள், அப்பா பார்க்கப் போகிறார் என்று. கூட நின்ற மாமியார், மகன் குண்டாஸில் இருப்பதாகச் சொன்னார். "ஒரு வருசம்னு சொல்றாங்க சார். கேஸ் நடந்தா பேசலாம். இது கேஸே இல்லயாமே."

கேஸே இல்லைதான். குண்டாஸ் என்பது குண்டர் தடுப்புச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். சாராயம், போதைப்பொருள், வனம், மணல், நிலம், ஒரு கட்டத்தில் திருட்டு விசிடி வரைக்கும் அதற்குள் வந்துவிட்டது. குற்றம் நிரூபிக்காமல் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். அண்மைய ஆண்டுகளின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் பட்டியலில் தடுப்புக் காவலில் இருப்பவர்கள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. அந்த உத்தரவுகளை உயர் நீதிமன்றம் தொடர்ந்து ரத்து செய்துகொண்டே இருக்கிறது. ரத்தாகும் நாளுக்குள் பல மாதம் போய்விடுகிறது. உண்மையான ரவுடியிடமிருந்து மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. அதற்கு விரைவான விசாரணையும் நிரூபித்த குற்றத்துக்குத் தண்டனையும் இருக்கின்றன. ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போது மறு கட்சி இந்தச் சட்டத்தைத் திட்டும், நாற்காலி மாறியதும் பேச்சு மாறும். நாற்பதாண்டுக்கும் மேலாக இதுதான் நடக்கிறது.

தமிழ்நாட்டுச் சிறைகள் உத்தரப் பிரதேசம் போல நிரம்பி வழிவதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். அது உண்மை. இங்கே கைதிகளின் எண்ணிக்கை இடவசதிக்குள்தான் இருக்கிறது. கைதிகள் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள், சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறையில் விவசாயம் செய்கிறார்கள். மற்ற மாநிலங்கள் பார்த்துப் படிக்கிற விஷயங்கள்தான். ஆனால் இடம் இருக்கிறது என்பதால் ஆளை வைத்திருக்கலாம் என்று ஆகாது. இங்கேயும் உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் விசாரணைக் கைதிகள். நெரிசல் இல்லாத மாநிலத்துக்குத்தான் முதல் அடி எடுத்து வைப்பது சுலபம். புதிய சிறை கட்டும் அவசரம் இல்லை, அந்தப் பணம் கையில் மிச்சம்.

என்னுடைய கோரிக்கை எளியது. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்குகளில், முகவரி உறுதியானால் சொந்தப் பிணை போதும் என்பதைப் பொது விதியாக்க வேண்டும். ஒவ்வொரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் முழுநேர நன்னடத்தை அலுவலர் வேண்டும். அவர் ஒரு ஆண்டில் நான்கைந்து பேரை வெளியே வைத்திருந்தாலே தன் சம்பளத்தை அரசுக்கு மிச்சப்படுத்திவிடுவார். 479ன் இரண்டாம் உட்பிரிவை மாற்ற மாநிலம் தன் அதிகாரத்துக்குள் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டும். குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கேட்கலாம். புதிய சிறைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பிய குடியரசுத் தலைவர் அவர்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டமும் வேண்டாம் பணமும் வேண்டாம். ஜாமீன் உத்தரவு வந்த தேதியைச் சிறைத்துறை தன் மின்-சிறை மென்பொருளில் பதிய வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் போட்ட விதிமுறைகளில் ஒன்று. ஆகவே ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தச் சிறையில், என்ன வழக்கில், எவ்வளவு பிணைத் தொகைக்காக என்பதை ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். சிறைத்துறையின் மானியக் கோரிக்கை அடுத்த முறை சட்டமன்றத்துக்கு வரும்போது, செங்கல்பட்டு மாவட்டத்தின் உறுப்பினர் யாராவது ஒருவர் எழுந்து அந்தப் பட்டியலை அவையில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.